ஏர் எடுத்தல்

காற்றை இறுக்கினால் சுடும்.
சைக்கிள் பம்பின் அடியில் விரல் வைத்தவர்களுக்கு
இதைச் சொல்லத் தேவையில்லை.
டில்லிபாபுவின் பிக்கப்பில்
சூப்பர்சார்ஜர் உட்கார்ந்த அன்றே சொன்னேன்:
அமுக்கிக் கொடுக்கிற பெட்டி இது,
அமுக்கிய கூலியாக வெப்பத்தையும் கூடவே அனுப்பும்,
அதைக் கைநீட்டி வாங்க ஒரு ஆள் வேண்டும்.

ஆள் என்றால் தண்ணீர்.
எஞ்சின் தண்ணீரோடு உறவு வைக்காத தனித் தண்ணீர்.
மேனிஃபோல்டுக்குள் ஒரு கூடு,
கிரில்லுக்குப் பின்னே தட்டையாய் ஒரு ரேடியேட்டர்,
இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்க
கைப்பிடி அளவு மோட்டார்.
ரேடியேட்டர் புதுப்பேட்டையில் கிடைத்தது,
எந்த ஊர்க் காரின் நெஞ்சிலிருந்து கழற்றியதோ,
அக்பர் பாய் எடை போட்டுத்தான் கொடுத்தார்.
கிளாம்ப் பதினான்கு வாங்கினேன்.
ஒன்று கை நழுவி சேஸிஸுக்குள் விழுந்தது,
இன்னும் அங்கேதான் குலுங்குகிறது.

கொருக்குப்பேட்டை, தகரக் கூரை, கத்திரி வெயில்.
ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும்.
சாவி திருப்பியதும் மோட்டார் முனகியது.
மீட்டர் அறுபது.
எழுபத்திரண்டு.
எண்பத்தொன்று.
போகிற குழாயைத் தொட்டேன், வருகிற குழாயைத் தொட்டேன்.
ஒன்று சுட்டது. ஒன்றுக்கு எதுவுமே தெரியவில்லை.

டில்லிபாபு காசிமேட்டுக்கு ஐஸ் அடிக்கிறவன்.
பின்னால் பார் பாராய்ப் பனிக்கட்டி இருக்க
முன்னால் இப்படிக் கொதிப்பது அவனுக்கு மானப் பிரச்சினை.
"ரெஜினாக்கா, ஒரு பார் ஒடச்சு டேங்க்ல போட்டுடவா?"
நான் வாய் திறப்பதற்குள் போட்டுவிட்டான்.
டேங்கில் ஐஸ் மிதந்தது.
மீட்டர் எண்பத்தொன்றிலேயே நின்றது.
பந்தியில் உட்காரவைத்துவிட்டு
இலை போடாத மாதிரி.

ஃபியூஸ் சரி, ரிலே சரி.
எர்த்தைச் சுரண்டி மறுபடி முறுக்கினேன்.
மோட்டாரை டேங்குக்கு ஒரு சாண் கீழே இறக்கினேன்.
எல்லாம் முடிந்து சும்மா இருந்தபோதுதான் கேட்டது,
குழாய் வளைகிற உச்சியில்
களக், களக் என்று,
வாய் நிறையத் தண்ணீரோடு யாரோ பேசப் பார்ப்பதுபோல.

ஒரு குமிழி.
காற்றைக் குளிர்விக்க வந்த தண்ணீரை
உள்ளங்கையளவு காற்று வழிமறித்து நிற்கிறது.

மூக்கைத் தூக்கினால் வெளியேறும்.
ஜாக்கி எட்டவில்லை. மேடு வேண்டும்.
இந்த ஊரில் மேட்டுக்கு எங்கே போவேன்?
கடலோடு மட்டமாய்ப் படுத்திருக்கிற ஊர்,
காசிமேட்டிலேயே மேடு இல்லை.
கடைசியில் அரசாங்கம் கட்டிய மேடுதான்.
ராத்திரி இரண்டு மணி, மின்ட் மேம்பாலத்தின் ஏற்றம்,
விடிந்தால் மீன் ஏலம், ஐஸ் ஏற்றியாகிவிட்டது.
பின்சக்கரத்துக்குக் கல் வைத்து
டார்ச்சைப் பல்லில் கடித்து மூடியைத் திறக்கும்போது
ரோந்து வண்டி வந்து நின்றது.

"என்னம்மா, இந்நேரத்துல காத்து வாங்குறீங்களா?"
"இல்ல சார். காத்த வெளிய விடுறோம்."

அவரும் இறங்கி வந்தார்.
ஒரு டேங்குக்கு மேலே மூன்று தலை.
குழாயை அமுக்கினேன், விட்டேன், அமுக்கினேன்.
முதலில் கடுகு கடுகாய் வந்தது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிந்திய
ஒரே ஒரு முழு ஏப்பம்.
தண்ணீர் சடாரென நான்கு விரல் இறங்கியது.
"அவ்ளோதானா?" என்றார் அவர், சற்று ஏமாந்து.
அவ்வளவுதான் சார்.

மிச்சக் கேனை ஊற்றி மூடினேன்.
எழுபது. ஐம்பத்தெட்டு. நாற்பத்தாறு.
அதற்குக் கீழே இறங்காது.
ராத்திரியே முப்பத்துமூன்று காய்கிறது,
ஊரைவிடக் குளிர்ச்சியாய் இருக்க
எந்த ரேடியேட்டருக்கும் வழியில்லை.

டில்லிபாபு கல்லை எடுக்கக் குனிந்தவன்
குனிந்தபடியே இருந்தான்.
வண்டி அண்ணாந்து நின்ற இத்தனை நேரமும்
பின்கதவின் இடுக்கு வழியே அவன் ஐஸ்
கோடாய் ஒழுகிச்
சரிவில் எங்களுக்கு முன்பே
கிளம்பிப் போயிருந்தது.